ஞானசிகாமணி போகாத துக்க வீடு

எங்கள் சபையில் யார் மரித்தாலும் சர்ச் மணி அடித்து ஓய்வதற்குள் ஞானசிகாமணி அந்த வீட்டு முற்றத்தில் நிற்பான். தோளில் வயர்ச் சுருள், கையில் இரண்டு ஹோல்டர், சட்டைப்பையில் டெஸ்டர். மின்வாரியத்தில் லைன்மேனாக முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன். பாறசாலையிலிருந்து இஞ்சிவிளை வரை எந்த வீட்டில் மீட்டர் எங்கே இருக்கிறது, எந்த வீட்டில் எர்த் சரியில்லை என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. காட்டாக்கடையிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்குமுன் பந்தலில் வெளிச்சம் வந்திருக்கும். மரித்தவர்மேல் கோடித்துணி போட வருகிறவர்களை முன்னே பின்னே பார்த்து ஒழுங்காக உள்ளே விடுவதும் அவன்தான். அதெல்லாம் முடிந்ததும், துக்கப்படுகிறவர்களில் யார் ரொம்பவும் தளர்ந்திருக்கிறார் என்று பார்ப்பான். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வான். வாய் திறக்கமாட்டான். ஆறுதல் சொல்கிறேன் என்று ஆரம்பித்து வீட்டுக்காரரை இன்னும் அழவைக்கிற எங்கள் உபதேசியாரைவிட இது எவ்வளவோ மேல்.

இந்த சபை அந்த சபை என்று அவன் பார்த்ததில்லை. மீன் கொண்டுவருகிற பயஸின் அம்மா மரித்தபோது பொழியூர்க் கடற்கரைக்கே வயரோடு போய்விட்டு மறுநாள்தான் திரும்பினான்.

நான் ஜெயதாஸ். தனுவச்சபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவனும் நானும் கூட்டு. துக்க வீட்டுக்கு நானும் போவேன். கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அடக்கம் எத்தனை மணிக்கு என்று இரண்டு பேரிடம் விசாரித்து, வாட்சைப் பார்த்துப் பார்த்து நேரத்தைக் கழித்துவிட்டு வீட்டுக்கு வந்து சேர்வேன். எங்கள் இரண்டு பேரில் யார் நல்லவன் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு அதில் சந்தேகம் இல்லை.

அப்படிப்பட்டவன் தன் வாழ்க்கையில் ஒரே ஒரு துக்க வீட்டுக்குப் போகாமல் இருந்துவிட்டான். அது அயர்லாந்தில். அதற்குக் காரணம் நான். இதை எழுதுவதால் என் பாரம் குறையும் என்ற நம்பிக்கையெல்லாம் இல்லை. ஆனால் அவனைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு இதை மட்டும் மறைத்தால் அது இரண்டாவது துரோகம் ஆகிவிடும்.

அவன் மகள் ஷிஜி நர்ஸ். ஆறு வருடமாக அயர்லாந்தில் இருக்கிறாள். முதலில் டப்ளினில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருந்தாள். போன வருடம்தான் மேற்குப் பக்கம் ஒரு சின்ன ஊருக்கு மாறினாள். அவள் கணவன் பினுவுக்கு வேறொரு ஊரில் வேலை, சனிக்கிழமைதான் வருவான். இரண்டாவது குழந்தைக்கு ஏழு மாதமாகி, இவள் வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரம் வந்ததும், அப்பாவும் அம்மாவும் மூன்று மாதம் வந்து நின்றால் நன்றாக இருக்கும் என்று கூப்பிட்டாள். ஞானசிகாமணியின் மனைவி சுகிர்தபாய் அன்றைக்கே மிளகாய் வறுத்துப் பொடிக்கத் தொடங்கிவிட்டாள். அவனுக்கு மட்டும் பயம். ஷிஜி போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள்: "அப்பா, இங்க நம்ம ஊரு மாதிரி கண்ட வீட்டுல எல்லாம் ஏறிப் போவப்பிடாது, கேட்டீங்களா." இவனோ கண்ட வீட்டில் ஏறிப் போவதையே தொழிலாக வைத்துக்கொண்டு வாழ்ந்தவன்.

நேரே என்னிடம் வந்தான். அந்த நாட்டு நடைமுறையை எல்லாம் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடு, பிளேனில் உட்கார்ந்து மனப்பாடம் பண்ணிவிடுகிறேன் என்றான். வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தேடினேன். அயர்லாந்துக்கு வருகிற விருந்தாளிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இங்கிலீஷில் ஒரு பக்கம் கிடைத்தது. அதிலிருந்து எடுத்து, இரண்டு தாளில், பதினேழு விதிகளாக எழுதி, முக்கியமானவற்றுக்குச் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டேன். பரீட்சைத் தாள் திருத்துகிற சந்தோஷம் ரொம்ப நாளைக்குப் பிறகு கிடைத்தது.

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள், அது வெறும் வணக்கம்தான், முட்டுவலியைப் பற்றிச் சொல்லத் தொடங்காதே என்று ஒரு விதி. பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல். சின்ன ரோட்டில் எதிரே கார் ஓட்டி வருகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினால் அது உனக்கான மரியாதை, நீயும் ஒரு விரலைத் தூக்கு. அவர்களை இங்கிலீஷ்காரர் என்று தவறியும் சொல்லிவிடாதே. உன் மகளின் வீட்டைப் பற்றியும் காரைப் பற்றியும் பெருமை பேசாதே. சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஏன் ஆகவில்லை, பிள்ளை ஏன் இல்லை என்று யாரையும் கேட்காதே. இதை வாசித்தபோது, பின்னே மனுசரு என்னத்தப் பேசுகது என்று சுகிர்தபாய் கேட்டாள். மழையைப் பற்றிப் பேசு என்று அதற்கும் ஒரு விதி வைத்திருந்தேன். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்கு ஏறாதே. டீ வேண்டுமா என்று கேட்டால் முதலில் வேண்டாம் என்று சொல், இரண்டாம் முறையும் வேண்டாம் என்று சொல், மூன்றாம் முறை வாங்கிக் குடி.

இந்த இடத்தில் அவன் தாளிலிருந்து தலையைத் தூக்கினான்.

"இது நம்ம ஊருலயும் இப்படித்தானேலே" என்றான்.

நம்ம ஊர் வேறு, அந்த ஊர் வேறு, எழுதியிருக்கிறதை ஒழுங்காகப் படி என்று அதட்டினேன். அவன் சரியான இடத்தில் சரியான கேள்வியைக் கேட்டிருந்தான். ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

பதினொன்றாம் விதி: அழைக்காமல் யார் வீட்டுக்கும் போகாதே. அதற்கு இரண்டு கோடு போட்டிருந்தேன்.

நான் எழுதாமல் விட்ட ஒன்றும் உண்டு. அந்த இங்கிலீஷ் பக்கத்தின் கடைசிப் பகுதி மரணத்தைப் பற்றியது. மரித்த வீட்டுக்கு அங்கே யாரையும் அழைப்பதில்லை. சவப்பெட்டியை வீட்டிலேயே வைத்துக் கதவைத் திறந்து போட்டிருப்பார்கள். ஊரே போகும், நேற்று வந்து குடியேறினவரும் போகலாம். குடும்பத்தாரின் கையைப் பிடித்து, உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன் என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும். டீ தருவார்கள், அதைக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். இவ்வளவையும் நான் வாசித்தேன். ஞானசிகாமணிக்கென்றே எழுதிவைத்தது போல இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். ஆனால் எழுதவில்லை.

பேரப்பிள்ளையைப் பார்க்கப் பிளேன் ஏறப் போகிறவன் கையில் மரணத்தைப் பற்றி எழுதிக் கொடுப்பதா என்று ஒரு எண்ணம். எங்கள் பக்கத்தில் யாத்திரை புறப்படுகிறவனிடம் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டோம். மரண அறிவிப்பு சொல்லிக்கொண்டு மைக் கட்டின ஆட்டோ தெருவில் வந்தால், அது போன பிறகுதான் பயணப் பெட்டியை வெளியே எடுப்போம். நான் அப்படி எழுதி, அதை சுகிர்தபாய் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு ஒரு சொட்டு டீ கிடைக்காது. இன்னொரு எண்ணமும் இருந்தது. மூன்று மாதமாவது இவன் துக்க வீடு இல்லாமல் இருந்துவிட்டு வரட்டுமே என்று நினைத்து, தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தால் எனக்கு என்மேலேயே அருவருப்பு வருகிறது.

ஏப்ரல் மாதம் போனார்கள். ஷிஜியின் அடுத்த வீட்டில் டாம் என்று எண்பது வயது தாண்டிய மனிதர், ஆடு வளர்த்து ஓய்ந்தவர். மனைவி பெயர் நோரா. முதல் நாளே டாம் இடுப்பளவு மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று மழையைப் பற்றிச் சொன்னார். இவனும் விதிப்படி மழையைப் பற்றிச் சொன்னான். இவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் ஃபேஸ், நியூட்ரல், லோடு, ஃபியூஸ். அதை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் தினமும் அரைமணி நேரம் பேசினார்கள்.

டாமின் வாசல் விளக்கு மினுக் மினுக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ஞானசிகாமணியால் முடியுமா. நாலாவது நாள், கையால் ஜாடை காட்டி அனுமதி வாங்கி, ஸ்டூல் போட்டு ஏறி, கழன்றிருந்த வயரை முறுக்கிவிட்டான். டாம் டீ குடிக்கக் கூப்பிட்டார். இவன் வேண்டாம் என்றான். மறுபடி கூப்பிட்டார். வேண்டாம் என்றான். மூன்றாம் முறை அவர் இவன் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி போனில் என்னிடம், பாஸாகிவிட்டேன் என்று சொல்லிச் சிரித்தான்.

அதற்குப் பிறகு டாம் ஊன்றுகோலால் மதிலில் இரண்டு தட்டுத் தட்டுவார். இவன் போவான். வெறுங்கையோடு போகக்கூடாது என்று விதி இருந்ததால், தனக்கென்று எடுத்துப் போயிருந்த பாலராமபுரம் டபுள் வேட்டியை, பொன்சரிகைக் கசவுக் கரை போட்டது, உறைகூடப் பிரிக்காதது, கொண்டு கொடுத்தான். டாமுக்கு அது எதற்கென்று தெரியவில்லை. மடித்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனார். கடைக்கும் அதைச் சுற்றிக்கொண்டு போனார். ஒருநாள் வீடியோவில் எனக்கு அவரைக் காட்டினான். கழுத்தில் நம் ஊர் வேட்டியோடு அந்த வெள்ளைக்கார மனிதர் என்னைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார். நானும் ஒரு விரலைத் தூக்கினேன். ஆக, அவரை எனக்குத் தெரியாது என்று சொல்லவும் எனக்கு வழியில்லை.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை. நான் பாலராமபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. டாம் முந்தின நாள் சாயங்காலம் நெஞ்சு வலித்து விழுந்து, ஆஸ்பத்திரியில் மரித்துவிட்டார். மதியத்துக்குமேல் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்களாம். ஷிஜி, அந்த ஊருக்குப் புதியவள், கூட வேலை செய்கிறவர்களிடம் விசாரித்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை போக வேண்டாம் என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டாள். வார்டில் அவள் போனை எடுப்பதில்லை. அதனால் என்னைக் கூப்பிட்டிருந்தான்.

"எலே, கூப்பிடாமப் போலாமா? தாளுல மரிச்ச வீட்டப் பத்தி ஒண்ணும் காணல்லியே."

அந்தப் பக்கத்தில் மரணத்தைப் பற்றி ஏதோ இருந்தது என்பது எனக்கு அந்த நொடியில் ஞாபகம் வந்தது. என்ன இருந்தது என்பது சரியாக வரவில்லை. போன் என் கையில்தான் இருந்தது. ஐந்து நிமிஷம் பொறு, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தால் போதும். அப்போது இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். பின்னால் நின்றவர் நான் எழுந்திருக்கக் காத்திருந்தார். தாளில் எழுதியிருக்கிறபடி செய், பதினொன்றாம் விதியைப் பார், அழைத்தால் மட்டும் போ என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பிறகு பாயசத்தைக் குடித்தேன். நன்றாகவே இருந்தது.

அந்த நாள் முழுக்க நடந்ததை சுகிர்தபாய்தான் பின்னால் எனக்குச் சொன்னாள். அவன் சர்ச்சுக்குப் போடுகிற சட்டையைப் போட்டு, ஷூ மாட்டி, ஜன்னல் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தானாம். இரண்டு மணிக்குப் பெட்டி வந்தது. மூன்று மணிக்கெல்லாம் ரோட்டின் இரண்டு பக்கமும் கார்கள். தூறலில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். யாரும் கதவைத் தட்டவில்லை, யாரும் யாரையும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. உள்ளே போய்க்கொண்டே இருந்தார்கள். இவன் முறுக்கிச் சரிபண்ணின வாசல் விளக்கைப் பகலிலேயே போட்டு வைத்திருந்தார்கள். போய்விட்டு வாங்களேன் என்று சுகிர்தபாய் பல தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் எழுந்து கதவு வரை போவான், திரும்பி வந்து உட்காருவான். ஜெயதாஸ் படிச்சவனாக்கும், அவன் தெரியாமலா சொல்லுவான் என்றானாம். மதிலில் யாராவது ஒரு தட்டுத் தட்டுவார்கள் என்று சாயங்காலம் வரை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான்.

ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. நோராவின் மகள் ஒரு தட்டோடு நின்றாள். சாண்ட்விச்சும் இரண்டு துண்டு கேக்கும், மேலே வெள்ளித்தாள் மூடியிருந்தது. நீங்களும் சாப்பிட வேண்டும் என்று அம்மா சொன்னார் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

எங்கள் ஊரில் மரித்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். கஞ்சியும் பயறும் பக்கத்து வீட்டிலிருந்து போக வேண்டும். எத்தனை வீட்டுக்கு அந்தக் கஞ்சிப் பானையை இவன் சுமந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவனுக்குத் துக்க வீட்டிலிருந்து சோறு வந்துவிட்டது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான், கொடுத்ததை வீணாக்கக்கூடாது என்று ஒரு துண்டை மட்டும் தண்ணீர் குடித்து விழுங்கினான் என்றாள் சுகிர்தபாய். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று ஷிஜி ஒன்பது மணிக்குமேல் வீட்டுக்கு வந்தாள். விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அப்பா, நாம போயிருக்கணும், இங்க யாரும் கூப்பிடமாட்டாங்களாம் என்று சொன்னாள். அப்போது பக்கத்து வீட்டில் ஜெபமாலை முடிந்து கதவைச் சாத்தியிருந்தார்கள். மறுநாள் காலையில் பெட்டி வீட்டைவிட்டுப் போனபோது இவன் கேட் அருகில் நின்றான். கேட்டைத் தாண்டிப் பின்னால் போகவில்லையாம். மிச்சமிருந்த மூன்று வாரமும் நோராவின் கண்ணில் படாமல் ஒளிந்து நடந்தான். குப்பைத் தொட்டியை வெளியே வைக்கக்கூட விடியுமுன் போய்விட்டு வந்தான். கழுவித் துடைத்த தட்டை ஷிஜிதான் கொண்டு கொடுத்தாள்.

ஊருக்கு வந்தவன் டீக்கடைக்கு வந்தான், சர்ச்சுக்கு வந்தான், என்னோடும் பேசினான். துக்க வீட்டுக்கு மட்டும் போகவில்லை. முதலில் யாரும் கவனிக்கவில்லை, களைப்பு என்று நினைத்தோம். ஆகஸ்டில் அடுத்த தெரு ராஜபாய் அக்கா மரித்தாள். அன்றைக்கென்று மழை, கரண்ட் இல்லை. சாயங்கால ஜெபத்தை மொபைல் வெளிச்சத்தில் நடத்தினார்கள். உபதேசியார் பாட்டுப் புத்தகத்தை மூக்கில் ஒட்டிவைத்து வாசித்தார். ஞானசிகாமணி எங்கே, ஞானசிகாமணி எங்கே என்று ஒவ்வொருவரும் என்னிடமே கேட்டார்கள். அவனைத் தேடிப் போனேன். ஷெட்டில் ஆணியில் வயர்ச் சுருள் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். சுகிர்தபாய் என்னை வாசலுக்கு வெளியே கூட்டி வந்து, நான் மேலே எழுதிய எல்லாவற்றையும் சொன்னாள். தனக்கு இனி மரிச்ச வீட்டுப் படி ஏற யோக்கியதை இல்லை என்று சொல்லிவிட்டான் என்றாள்.

இவ்வளவு தெரிந்த பிறகும் நான் மூன்று வாரம் சும்மா இருந்தேன். அந்தப் பக்கத்தை நான் வாசித்திருந்தேன் என்பது அவனுக்குத் தெரியாது. ஜெயதாசுக்கும் தெரியாமல் போய்விட்டது, பாவம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான். டீக்கடையில் எனக்கும் சேர்த்து அவனே டீ சொல்லுவான். கடைசியில் பாறசாலை ஜங்ஷனில் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

"இதுல மரணத்தப் பத்தியும் இருந்துதுலே. நான் வாசிச்சேன். வாசிச்சுட்டு எழுதாம விட்டேன்" என்றேன்.

அவன் தாளை வாங்கினான். இங்கிலீஷ்தான், அவனுக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் மேலிருந்து கீழ்வரை பார்த்தான்.

"போன்ல நான் கேட்டப்பம் இது உனக்கு ஓர்மை இருந்துதா?"

"ஏதோ இருந்துதுன்னு ஓர்மை வந்துது. பாத்துச் சொல்லியிருக்கலாம். பாயசம் வந்துட்டுது."

வேறு ஒரு காரணம் சொல்லலாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் போனேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் ரொம்ப நேரம் தாளை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான். ஏசினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. நான் அவனிடத்தில் இருந்திருந்தால் ஏசியிருப்பேன்.

"நீ எழுதாதது உனக்க தப்பு" என்றான் கடைசியில். "அது கெடக்கட்டும். இத்தன வருஷம் நான் ஏறிப்போன வீட்டுக்கெல்லாம் எவன் எழுதித் தந்து போனேன்? அண்ணைக்கு மட்டும் ஒரு தாளப் பாத்துட்டு இருந்துட்டேனேலே."

என் தப்பை அவன் மன்னித்துவிட்டான் என்று எனக்குப் புரிந்தது. தன்னை அவன் மன்னிக்கவில்லை என்பதும் புரிந்தது. முதலாவது எனக்கு ஒரு ஆறுதலும் தரவில்லை.

நோராவுக்கு ஒரு லெட்டர் எழுதலாம் என்று நான்தான் சொன்னேன். அவன் தமிழில் சொல்ல, நான் இங்கிலீஷில் எழுதினேன். அன்று உடம்பு சரியில்லை என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், சட்டையும் ஷூவும் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கத்தில் இருந்தேன் என்று எழுது என்றான். அப்படியே எழுதினேன். விளக்கு மறுபடி மினுக்கினால் எந்த ஸ்க்ரூவை முறுக்க வேண்டும் என்று நாலு வரி சொன்னான், அதையும் எழுதினேன். கடைசியில், உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன் என்ற வரியை அந்தப் பக்கத்தில் இருந்தபடியே வைத்தேன். அதற்குக் கீழே, இவருக்குத் தவறாகச் சொல்லிக் கொடுத்தவன் இதை எழுதுகிற ஜெயதாஸ் என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். கீழே என்ன எழுதுகிறாய் என்று கேட்டான். சொன்னேன். சரி என்றான்.

பதில் வர இரண்டு மாதம் ஆனது. பிரிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். முன் அறையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, வாசி என்றான்.

நோராவின் கையெழுத்து பெரியதாக, சாய்வாக இருந்தது. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். லெட்டர் கிடைத்ததில் சந்தோஷம். விளக்கு நன்றாக எரிகிறது. ஷிஜியின் குழந்தை மதிலைப் பிடித்து நிற்கிறது. நீங்கள் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு வழக்கம் இருக்கும். அதுவரை நல்லபடியாகப் போயிற்று. அடுத்த மூன்று வரிகளை என் கண் எனக்கு முந்தி ஓடி வாசித்துவிட்டது. அதற்குக் கீழே மழையைப் பற்றி எழுதியிருந்தாள். ஒரு மூச்சு விட்டுவிட்டு நேரே மழைக்குப் போயிருக்கலாம். அவனுக்குத் தெரிய வழியே இல்லை. அவன் மனசு புண்படாமல் இருக்கட்டுமே என்று எனக்குள் அதே பழைய குரல் வந்தது.

நான் வாசித்தேன்.

"அன்று ஜெபமாலை முடிகிறவரை கதவைச் சாத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். நீங்கள் வருவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கொடுத்த துணியை டாமின் நெஞ்சின்மேல் விரித்திருந்தோம், அதை நீங்கள் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது."

ஞானசிகாமணியின் கை இரண்டும் முழங்காலில் இருந்தன. வெளியே தனுவச்சபுரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மிச்சத்தையும் வாசித்தேன், மழையையும் வாசித்தேன், கையெழுத்தையும் வாசித்தேன்.

"ஒண்ணும் விடல்லியேலே?" என்று கேட்டான்.

"விடல்ல."

"அந்தத் துணியப் பத்தி இன்னொருக்கா வாசி."

வாசித்தேன். கோடி போட்டுட்டாங்க, நான் இல்லாம எனக்க கோடியப் போட்டுட்டாங்க என்று தனக்குத்தானே சொன்னான். பிறகு இன்னொரு முறை வாசிக்கச் சொன்னான். மூன்றாம் முறையும் ஒரு வார்த்தை விடாமல் வாசித்தேன்.